மண்ணில் என் பங்கு

என் சம்பளத்தில் கடன் போட்டு நான் வாங்கிய வீடு அம்பத்தூரில் இருக்கிறது. பழைய கட்டடம், ஆறே வீடுகள், லிஃப்ட் கிடையாது. மழைக்காலத்தில் படிக்கட்டுச் சுவர் ஊறிப்போய்ப் பொருக்குப் பொருக்காக உதிரும். அதே விலைக்குக் காட்டுப்பாக்கத்தில் நீச்சல் குளத்தோடு புதுவீடு கிடைத்தது. வேண்டாம் என்றேன்.

காரணம் மண்தான். அடுக்குமாடியில் வீடு வாங்கினால் கீழே இருக்கும் மனையிலும் நமக்கு ஒரு பங்கு உண்டு. நூற்றுக்கணக்கான வீடுகள் உள்ள கோபுரத்தில் அந்தப் பங்கு ஓர் அறைக்குக்கூடக் காணாது. இங்கே ஒன்றரை கிரவுண்டை, அதாவது மூவாயிரத்து அறுநூறு சதுர அடியை, ஆறு பேர் மட்டும் பகிர்ந்துகொள்கிறோம். கட்டடத்துக்கு வயதாகும், மண்ணுக்கு ஆகாது. இதைப் புரிந்துகொண்ட உற்சாகத்தில் அலுவலகத்தில் யார் டீ குடிக்க வந்தாலும் பிடித்துவைத்துப் பேசுவேன்.

பத்திரம் முடிந்த கையோடு வரன் வந்தது. காட்டுப்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் கோபுரத்தில் குடியேறிய ஈரோட்டுக் குடும்பம். போனில் பேசிப் பேசி மாப்பிள்ளையை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. இது அமைய வேண்டுமே என்று தவித்தேன்.

அவர்கள் வீடு பார்க்க வருவதாகச் சொன்னதும் அப்பாவுக்குக் கை கால் ஓடவில்லை. பாடியில் தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்.

"படிக்கட்டப் பாத்தா இன்னாமா நெனைப்பாங்க?" என்று புலம்பி, முதல் நாள் மாலை ஆள் வைத்துச் சுவருக்கு ரோஸ் வண்ணம் அடித்தார். ஊறிய சுவர், பெயிண்ட் காயவே இல்லை. மறுநாள் குறுகலான படியில் ஏறிய மாப்பிள்ளையின் அப்பாவுக்கு வெள்ளைச் சட்டைத் தோள் முழுக்க ரோஸ்.

கீழ்வீட்டு அக்கா விடவில்லை. "இன்னாண்ணா, சம்பந்திக்கும் சேத்து அடிச்சிட்டியா?"

எல்லோரும் சிரித்தோம், மாப்பிள்ளையின் அப்பாவைத் தவிர. "பரவால்லீங்க" என்றவர், சன்னல் வழியே தெருவைப் பார்த்தார். "நாலு சனம் வந்தா காரை எங்கீங்க நிறுத்தறது?"

இரண்டு நாள் கழித்து மாப்பிள்ளை போன் செய்தார். "அந்த வீட்ட வித்துட்டு எங்க பக்கமே ஒண்ணு வாங்கிடலாமே. அப்பா அது ஒண்ணுதான் கேக்கறாரு. மத்ததெல்லாம் சம்மதம்."

கிரவுண்டு, பங்கு, எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். "இருபது வருஷம் கழிச்சு உங்க டவர்ல நமக்குன்னு என்னங்க மிஞ்சும்?"

"அது இருக்கட்டும். தை மாசம் கல்யாணத்துக்கு வர்றவங்க கண்ணுக்கு என்ன தெரியும்?"

அவர் கெட்டவர் இல்லை. கார் தவணை, உள் அலங்காரத் தவணை போகப் பத்தாம் தேதியே கை காலி என்று அவரே ஒருநாள் சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். அந்தச் சிரிப்பும் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் அந்த வாழ்க்கைக்குள் என் மண்ணையும் கொண்டுபோய்க் கரைக்க மனம் வரவில்லை.

"விக்க மாட்டேங்க" என்றேன்.

"சரி, அப்பாகிட்ட சொல்லிடறேன்." அவ்வளவுதான். அதன் பிறகு அவர் கூப்பிடவில்லை.

விஷயம் தெரிந்ததும் அப்பா தட்டை நகர்த்தி வைத்துவிட்டார். "அப்ப, அந்த மண்ணக் கட்டிக்கினு வாழப் போறியா?"

எதிரே உட்கார்ந்தேன். அன்றைக்கு அந்தக் கேள்வி எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. அழுதேன். ஆனாலும் விற்கிறேன் என்று சொல்லவில்லை.