ஒத்திகையில் கெட்டிமேளம்

அந்தச் சனிக்கிழமை மாலை நடந்தவை, வரிசைப்படி:

1. நாமக்கல்லில் ஒரு சிறிய தேவாலயம். பழைய கிறிஸ்துமஸ் பாட்டு ஒன்றுக்கு ஒத்திகை. இரண்டு ஆல்டோ சாக்ஸபோன், ஒரு டெனார். பாட்டை மூன்றுக்கும் பிரித்து எழுதியவள் நான்.
2. முதல் எட்டு தாளச் சுற்றை ஆல்டோக்கள் அருமையாக வாசித்தன.
3. டெனார் நுழைய வேண்டிய இடத்தில் ஆள்காட்டி விரலைத் தூக்கி ஆட்டினேன்.
4. மூன்று பேரும் பாட்டை விட்டுவிட்டு, கன்னம் உப்ப, கெட்டிமேளம் வாசித்தார்கள்.
5. மேடை ஓரத்தில் கலர் பேப்பர் வெட்டிக்கொண்டிருந்த இரண்டு அக்காக்கள் துண்டுகளை அள்ளி எங்கள் தலையில் தூவினார்கள்.

நான் இசிஇ படித்தவள். பகலில் சேலத்தில் ஒரு கம்பெனியில் சர்க்யூட் போர்டு டெஸ்டிங். மாலையில் இசைக்குழுக்களுக்கு நொட்டேஷன் எழுதிக் கொடுப்பேன். சாக்ஸபோனுக்கு எழுதியது அதுவே முதல் முறை. வாசித்தவர்கள் நாமகிரிப்பேட்டைப் பக்கத்தில் கல்யாணங்களுக்கு வாசிக்கும் குழு. ஐந்து கோட்டில் எழுதும் ஸ்டாஃப் நொட்டேஷன் அவர்களுக்குப் பழக்கமில்லை, ஸ்வரமாகவே எழுதினேன். ஆல்டோவின் ஸ வேறு, டெனாரின் ஸ வேறு. தனித்தனித் தாள் போட்டேன். கமகம் கூடாத நீண்ட ஸ்வரங்களுக்கு மேல் நேர்க்கோடு இழுத்தேன். என் செக்லிஸ்டில் இருபத்திரண்டு வரி இருந்தது. விரலைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

"ஏனுங்க அண்ணா, என்ன பண்ணீங்க?" என்றேன்.

குழுத் தலைவர் குமரேசன் அண்ணன் தலையைச் சொறிந்தார். "அம்மணி, நீங்கதானுங்க வெரல ஆட்டுனீங்க. பதினெட்டு வருசமா வெரல் ஆடுனா தாலி கட்டறாங்கன்னு அர்த்தமுங்க. கை தானா போயிருச்சு."

டெனார் வாசிக்கும் பழனி மாமா, "நான் மாப்பிள்ளையத் தேடிட்டு இருந்தனுங்க" என்றார். அக்காக்கள் பெஞ்சில் சாய்ந்து சிரித்தார்கள். எனக்கும் அடக்க முடியவில்லை.

சபைச் செயலர் ஐயா மட்டும் சிரிக்கவில்லை. "இன்னும் ஒரு தடவ பாக்கறேன். சரிவரலைன்னா கீபோர்டு டிராக் போட்டுக்கலாம்."

அண்ணன் என்னிடம் குனிந்து சொன்னார்: "மார்கழில முகூர்த்தமே கெடையாதுங்க. மாசம் பூரா வாத்தியத்துல துணி சுத்தி வெச்சுட்டு உக்கோந்திருப்போம். இது அமைஞ்சா நாலு சபை கூப்புடும். கெடுத்துப்போடாதீங்க அம்மணி."

சரி, கை வேண்டாம். துப்பட்டாவின் இரண்டு முனையையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். தாளத்தின் மூன்று எண்ணிக்கையையும் தலையசைத்தே போட்டேன். டெனாருக்கு மட்டும் முழங்காலை மடக்கி ஒரு குதி. மாமா சரியாக நுழைந்தார். மூன்று குரலும் ஒன்றின் மேல் ஒன்றாக உட்கார்ந்தன. பேப்பர் வெட்டும் சத்தம் நின்றுபோனது.

கடைசிச் சரணம் வந்தபோது ஓரக்கண்ணில் ஒன்றைப் பார்த்தேன். செயலர் ஐயா கண்ணை மூடி ரசித்துக்கொண்டே தாளம் போட வலது கையைத் தூக்கினார். மற்ற விரல்கள் மடங்கி, ஆள்காட்டி விரல் மேலே போய்க்கொண்டிருந்தது. மாமாவின் கன்னம் உப்ப ஆரம்பித்தது.

இரண்டே எட்டில் தாவி, என் நொட்டேஷன் தாள்கட்டை அந்தக் கையில் திணித்தேன். "ஐயா, இதக் கொஞ்சம் புடிங்க. ரெண்டு கையாலயும்!"

அவர் திடுக்கிட்டுப் பிடித்துக்கொண்டார். பாட்டு முடியும் வரை விடவில்லை. கடைசி ஸ்வரம் கோடு போட்டதுபோல நேராக நின்று அடங்கியது.

ஐயா தாள்கட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏன் அம்மணி, இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா நானே தாலி கட்ட வெச்சிருப்பனா?"

"ஆமாங்க ஐயா."

அப்போதுதான் சிரித்தார். பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, இருமல் வரும் வரை. "டிராக் வேண்டாம். இவங்களே வாசிக்கட்டும். எங்க ஆளுககிட்ட நான் சொல்லிப்போடறேன், எவனும் கையத் தூக்கக்கூடாதுன்னு."

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: சுருதியும் தாளமும் மட்டும் பார்த்தால் போதாது. வாசிப்பவரின் உடம்பு எதற்குப் பழகியிருக்கிறது என்று முதல் நாளே கேளுங்கள்.

போன கிறிஸ்துமஸ் காலை ஆராதனையில் தவறில்லாமல் வாசித்தார்கள். இந்த மார்கழிக்கு மூன்று சபைகள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. மேட்டூர் சபை இன்னும் பதில் சொல்லவில்லை.