வராத அணிக்காக மரத்தூள் சுமந்தோம்

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு டிசம்பர் மாதம் மைசூரில் நடந்தது இது. அப்போது நான் ஓர் ஊதுபத்தித் தொழிற்சாலையில் தற்காலிகத் தொழிலாளி. தொழிற்சாலைக்கென்று பெண்கள் கபடி அணி ஒன்று இருந்தது; அதில் நானும் ஆடினேன். எங்கள் ஊரில் டிசம்பர் என்றால் காலையில் பனி, பகலில் இதமான வெயில். மழைத் தொல்லை இருக்காது என்றுதான் போட்டிகளை அந்த மாதத்தில் வைப்பார்கள். அந்த வருஷம் மட்டும் வங்கக் கடலில் கிளம்பிய புயல் தமிழ்நாட்டில் கரையேறி, மிச்சமிருந்த மழையை எங்கள் தலையில் கொட்டியது. மூன்று நாளாக விடாத தூறல், ஊசி குத்துகிற மாதிரி காற்று. ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு இறுதிப் போட்டி. எதிரணி குண்டலுபேட்டையிலிருந்து வர வேண்டும்.

கோப்பையை ஜெயித்தால் அணியில் இருக்கும் தற்காலிகப் பெண்களை நிரந்தரம் ஆக்குவதாக நிர்வாகம் சொல்லியிருந்தது. அப்படி நாங்கள் நான்கு பேர். என் அப்பா கொத்தனார். அந்த ஆடி மாதம் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பில் அடிபட்டு, வீட்டோடு கிடந்தார். அந்த வேலை எனக்கு எவ்வளவு முக்கியம் என்று இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

மூன்று மணி ஆகக் கால் மணி நேரம் இருந்தது. மைதானத்து அலுவலக அறையில் தலை துவட்டிக்கொண்டிருந்தேன். வேறு யாரும் இல்லை. போன் அடித்தது, எடுத்தேன். ஒரு பெண், கன்னடத்தில், மூச்சு வாங்கப் பேசினாள். வழியில் புளியமரம் சாய்ந்து பஸ் நின்றுவிட்டதாம். நடந்தும், கோஸ் ஏற்றி வந்த ஒரு லாரியில் தொற்றியும் நஞ்சன்கூடு வரை வந்துவிட்டார்களாம். இன்னும் ஒரு மணி நேரத்தில் சேர்ந்துவிடுவோம், நடுவரிடம் கொஞ்சம் சொல்லுங்கள் என்று கெஞ்சினாள். நீங்கள் யார் என்றும் கேட்டாள். ஆபீசில் வேலை செய்கிறவள் என்றேன். சொல்கிறேன் என்று போனை வைத்தேன்.

சொல்லவில்லை.

மூன்றரைக்குள் எதிரணி வராவிட்டால் கோப்பை எங்களுக்கு. அதுதான் விதி. வெளியே வந்து வராந்தாவில் எல்லாரோடும் உட்கார்ந்தேன். மணி மூன்று ஆனது. நடுவர் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். என் பக்கத்தில் பேக்கிங் பிரிவுத் தோழி ஒருத்தி, அவளும் தற்காலிகம்தான். முழங்காலில் பட்டி சுற்றிக்கொண்டே, "பாவம்டி, இந்த மழையில எங்க மாட்டிக்கிட்டாங்களோ" என்றாள். அவளுக்கும் அந்த வேலை வேண்டும். அவளுக்கு வராத எண்ணம் எனக்கு வந்துவிட்டதே என்று உடம்பு கூசியது. இன்னும் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்த்தேன். முடியவில்லை.

எங்கள் கேப்டனை எல்லாரும் அக்கா என்போம். முப்பது வயது, வீட்டில் கைக்குழந்தை உள்ளவர். அவரைத் தூணுக்குப் பின்னால் கூப்பிட்டுப் போன் வந்ததைச் சொன்னேன்.

"எப்போ வந்துது?"

"இருபது நிமிஷம் ஆச்சுக்கா."

என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "இப்பவாவது சொன்னியே" என்று மட்டும் சொன்னார். பிறகு எல்லாரையும் கூட்டி விஷயத்தைச் சொன்னார். போனை எடுத்தது யார் என்று சொல்லவில்லை. "நான் பர்மனென்ட், நான் பேசக் கூடாது. நாலு பேரும் நீங்களே சொல்லுங்க, காத்திருக்கலாமா?" என்றார்.

அந்தப் பேக்கிங் தோழிதான் முதலில் பேசினாள். கன்னடமும் தமிழும் கலந்துதான் அவளுக்கு வரும். "ஆடாம கிடைக்கிற வேலை பேடாக்கா, வேணாம். நாளைக்கு யாராச்சும் கேட்டா என்ன சொல்றது?" மற்ற இருவரும் தலையாட்டினார்கள். கடைசியாக நானும்.

விதியை மாற்ற நடுவருக்கு அதிகாரம் இல்லை. அக்கா நேராக அவரிடம் போனார். களத்தில் தண்ணீர் நிற்கிறது, வழுக்கினால் யாருக்காவது மூட்டு விலகும், மரத்தூள் கொட்டிச் சரிசெய்யாமல் நாங்கள் இறங்கமாட்டோம் என்றார். நடுவர் களத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "களம் ரெடியாகற வரைக்கும் என் கடிகாரம் ஓடாதும்மா" என்று அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

எதிரில் ஒரு மர அறுவை மில். மூட்டை மூட்டையாக மரத்தூளைத் தலையில் சுமந்து வந்து கொட்டினோம். சேற்றை வாளியில் அள்ளி எறிந்தோம். வேடிக்கை பார்க்க வந்திருந்தவர்களும் வேட்டியை மடித்துக்கட்டி இறங்கிவிட்டார்கள். குளிரில் விரல் மரத்துப்போனது. அவசரமே இல்லாமல், அவ்வளவு பொறுப்பாக நாங்கள் எந்த வேலையும் செய்ததில்லை!

நாலு மணிக்குப் பக்கமாக அந்த லாரி வந்தது. தார்ப்பாய்க்கு அடியிலிருந்து, கோஸ் மூட்டைகளுக்கு நடுவிலிருந்து, நடுங்கிக்கொண்டே பன்னிரண்டு பெண்கள் குதித்தார்கள். நாங்கள் கொடுத்த டீயை நின்றபடியே குடித்துவிட்டுக் களத்தில் இறங்கினார்கள்.

அவர்களின் முதல் ரைடர் கபடி பாடிக்கொண்டு எங்கள் பக்கம் வந்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போனில் கேட்ட அதே குரல். தன்னோடு பேசியது நான்தான் என்று அவளுக்குக் கடைசி வரை தெரியாது. என்ன ஆட்டம் ஆடினாள்! நாங்களும் விட்டுக்கொடுக்கவில்லை. சேறும் மரத்தூளும் அப்பி, யார் எந்த அணி என்றே தெரியாத கோலத்தில் ஆடி, இரண்டு புள்ளியில் தோற்றோம். அவர்கள் கோப்பையை வாங்கியதும் நேரே எங்களிடம் கொண்டுவந்து, எல்லாரும் சேர்ந்து தூக்கலாம் என்றார்கள். தூக்கினோம்.

வேலை அந்த வருஷம் நிரந்தரம் ஆகவில்லை. எனக்கு இன்னும் மூன்று வருஷம் ஆனது. பேக்கிங் தோழி அதற்குள் கல்யாணமாகி ஊர் மாறிவிட்டாள். போனை எடுத்தது நான்தான் என்று அக்கா கடைசி வரை யாரிடமும் சொல்லவில்லை. பிறகொரு நாள் நானே எல்லாரிடமும் சொன்னேன்.

அதற்கப்புறம் எத்தனையோ போட்டிகளில் ஜெயித்திருக்கிறேன். ஆனால் எந்த அணியில் ஆடினாய் என்று யாராவது கேட்டால், ஆடாமலே ஜெயிக்க வழி இருந்தும் காத்திருந்து தோற்ற அந்தப் பெண்களோடு ஆடினேன் என்றுதான் இன்றும் தலைநிமிர்ந்து சொல்கிறேன்.