கைக்குள் இருந்த நட்டு

இன்று அக்குறணையில் பஸ்ஸுக்கு நின்றபோது எங்கிருந்தோ கிரீசும் பழைய தோல் சீட்டும் கலந்த மணம் வர, என் விரல்கள் தாமாகவே எதையோ திருகத் தொடங்கின. எதிரே இப்போது போன் கடை இருக்கும் இடத்தில்தான், எங்கள் வீட்டோடு ஒட்டினாற்போல், வாப்பாவின் கராஜ் இருந்தது. வெள்ளைக்காரத் துரைமார் விட்டுப்போன கூரையில்லாத இங்கிலீஷ் கார்களை அவரும் என் அண்ணனான மூத்த காக்காவும் கழற்றிப் பூட்டும்போது, எஞ்சினுக்குப் பின்னால் விழும் நட்டுகளை எடுக்க என் சின்னக் கைதான் போகும். கை பெருத்தால் கூப்பிடமாட்டார்களே என்ற பயத்தில், தினமும் அதைத் தகரப் பேணிக்குள் விட்டு அளந்து பார்ப்பேன். ஒருநாள் எஞ்சினுக்குள் கை சிக்கிக்கொண்டது.

“கை பெருத்திட்டு, வாப்பா. இனி இவவுக்கு குசினிதான்” என்று காக்கா சிரித்தார்.

“நட்ட உடு புள்ள, கை வந்திடும்” என்றார் வாப்பா.

நான் விடவில்லை. புறங்கைத் தோல் உரிய, நட்டோடுதான் இழுத்தெடுத்தேன். வாப்பா மருந்து போட்டுவிட்டார், மறுநாள் கூப்பிடவில்லை. குசினியில் தேங்காய் துருவிக்கொண்டே, அடுத்த நட்டு விழும் சத்தத்துக்குக் காது கொடுத்திருந்தேன்.