குங்குமப்பூப் பாலோடு விழுங்கிய மாத்திரை

அம்சத்துக்கு ஐம்பத்தாறு வயது. ஒரத்தநாட்டுக்குக் கிழக்கே ஐந்து ஊர்களுக்கு அவள்தான் கிராம சுகாதாரச் செவிலியர். இருபத்தாறு வருடங்களாகக் கர்ப்பிணிகளின் வீட்டுப் படிகளை ஏறி இறங்கியதில் முழங்கால்கள் ஓய்ந்துவிட்டன.

அன்று, ஏழு மாதக் கர்ப்பிணி எழில்மொழியின் விரலில் குத்திப் பார்த்தாள். ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு எட்டு. குறைந்தது பதினொன்று இருக்க வேண்டும். கொடுத்திருந்த இரும்புச்சத்து மாத்திரைகள் பிரிக்கப்படாமல் தலையணைக்கடியில் கிடந்தன.

"அதைப் போட்டா புள்ள கருப்பாப் பொறக்குமாமே," என்றார் மாமியார் மங்களாம்பிகை. "என் மவன் அபுதாபிலேருந்து குங்குமப்பூ அனுப்பிருக்கான். தினமும் பால்ல போட்டுக் குடுக்குறேன். அது போதாதா?"

"அதால நிறமும் வராது, ரத்தமும் ஊறாதுங்க."

மங்களாம்பிகை அம்சத்தின் கருத்த கையைப் பார்த்துச் சிரித்தார். "உங்கம்மா உங்கள சுமந்தப்ப இதைக் குடிக்கல போலருக்கு."

"குடிச்சாங்க, ஒம்பது மாசமும். நான்தான் ஏமாத்திட்டேன்."

எழில்மொழி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

வெளியே வெயில் கொளுத்தியது. இன்னும் நான்கு வீடுகள் பாக்கி. வாதாட அம்சத்திடம் தெம்பில்லை. "சரி, அந்தப் பாலோடயே மாத்திரையை முழுங்கச் சொல்லுங்க. உள்ள போனாப் போதும்."

அம்சம் சொன்னதை மங்களாம்பிகை ஒருநாளும் தவறவிடவில்லை. நகை பீரோவிலிருந்து குங்குமப்பூ டப்பாவை எடுப்பார். நாலே நாலு இழை. வெதுவெதுப்பான பால் மஞ்சளாகும் வரை காத்திருந்து, மாத்திரையோடு நீட்டுவார்.

ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோதும் எட்டுதான்.

"நான் ஒழுங்காத்தானே குடுத்தேன் நர்சம்மா? எங்க தப்பு பண்ணினேன்?" மங்களாம்பிகையின் குரல் உடைந்தது.

அம்சத்துக்குத் தன் தவறு உறைத்தது. பாலோடு விழுங்கினால் இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. புதிதாக வரும் செவிலியர்களுக்கு அவளே சொல்லிக்கொடுக்கிற பாடம் அது. ஒரு மத்தியான அலுப்பில் அதை விட்டுவிட்டாள். பிரசவத்தில் கொஞ்சம் ரத்தம் கூடுதலாகப் போனால் இந்தப் பெண் தாங்குவாளா? மாத்திரை மேல் பழியைப் போட்டுவிட்டு எழுந்து போயிருக்கலாம். யாருக்கும் தெரியாது.

"தப்பு உங்க மேல இல்லைங்க. பாலோட முழுங்கச் சொன்னேனே, அதுதான் தப்பு. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சொல்லிட்டேன்."

மங்களாம்பிகை மருமகளின் வயிற்றைப் பார்த்தார். பிறகு, "இப்ப என்ன செய்யணும்? அதைச் சொல்லுங்க," என்றார்.

மறுநாளே எழில்மொழியை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனாள் அம்சம். டாக்டர் இரும்புச்சத்து மருந்தை நரம்பில் ஏற்றச் சொன்னார். நான்கு முறை போனார்கள். நான்கு முறையும் சொட்டுச் சொட்டாக மருந்து இறங்கி முடியும் வரை கட்டிலருகே அம்சம் உட்கார்ந்திருந்தாள்.

ஒன்பதாம் மாதம் ரத்தம் பார்க்கும் கருவி பத்தரை காட்டியது. மங்களாம்பிகை எட்டிப் பார்த்தார். உள்ளே போய், மஞ்சள் நிறப் பாலோடு வந்தார்.

"உக்காந்து குடிங்க."

"எனக்கு இனிமே நிறம் வந்து என்னங்க பண்றது?"

"நிறத்துக்கு யாரு குடுத்தா? மூஞ்சி வாடிக் கெடக்கு."

அம்சம் உட்கார்ந்தாள். கண் கலங்கியது தெரியாமலிருக்க, ஆறிப்போன பாலை ஊதி ஊதிக் குடித்தாள். இன்னும் இரண்டு வீடுகள் பாக்கி இருந்தன.