சாலைக்கு அந்தப் பக்கம் கிடக்கும் பூட்டன்

டாஸ்மேனியாவில் எங்கள் பக்கத்து வீட்டு வரவேற்பறையில் ஒரு திருடருக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். அந்த வீட்டுக்காரி ஜூடித்தின் பாட்டனுக்குப் பாட்டன் அவர். இங்கிலாந்தில் ஆடு திருடிப் பிடிபட்டு, விலங்கோடு கப்பலேற்றப்பட்டவராம். முதல்முறை அந்தப் படத்தைப் பார்த்தபோது, துட்டி வீட்டில் துக்கம் கேட்கிற குரலில் "ஐ ஆம் சாரி" என்று சொல்லிவிட்டேன். அவளோ விழுந்து விழுந்து சிரித்தாள். குடும்பத்துக்கே அவர்தான் பெருமையாம்! நம் ஊரில் இப்படி ஒருவர் இருந்தால் சுவரில் மாட்டுவோமா? அந்த வீட்டில் பெண் கொடுக்கவும் மாட்டார்கள், எடுக்கவும் மாட்டார்கள்.

எங்களுக்கும் அப்படி ஒருவர் இருந்தார். அப்பாவின் பாட்டன், எனக்குப் பூட்டன். நாகர்கோவிலிலிருந்து இராஜாக்கமங்கலம் போகிற வழியில் எங்கள் ஊர். அங்கே கிறிஸ்தவ சபையின் கல்லறைத் தோட்டத்தின் மதில் தார்ச்சாலையை ஒட்டியே ஓடுகிறது. ஊரார் எல்லாரும் மதிலுக்கு உள்ளே. பூட்டன் மட்டும் சாலைக்கு அந்தப் பக்கம், குளத்துக்கரைப் புதரோரம். சபை அவரைத் தள்ளி வைத்துவிட்டது என்பார்கள். ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை. குடிகாரர் என்பார் ஒருவர், இரண்டாவது ஒருத்தியை வைத்திருந்தார் என்பார் இன்னொருவர். விவரம் சொல்லக்கூடிய தாத்தாவோ, அப்பா கைக்குழந்தையாக இருந்தபோதே காய்ச்சலில் போய்விட்டார். அத்தைக்கு வந்த நல்ல சம்பந்தம் ஒன்று இந்தப் பேச்சால் தட்டிப்போனது. ஈஸ்டர் விடியலில் எல்லாரும் உள்ளே பூ வைத்துக்கொண்டிருக்கும்போது, அப்பா மட்டும் ஒரு கை பிச்சிப்பூவோடு தலைகுனிந்து சாலையைக் கடப்பார்.

போன வருடம் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி போனில் சொன்னார்: "மக்கா, நான் போனா உள்ள கொண்டு வைக்காண்டாம். பாட்டன் ஒத்தைக்குக் கெடக்காரு. அவரு பக்கத்துலயே வச்சிரு." அம்மா மதிலுக்கு உள்ளே அடக்கமாகி இருக்கிறாள். அவளை ஒரு பக்கமும் அவரை ஒரு பக்கமுமாக வைப்பதற்கா ஒற்றை மகள் நான் விமானம் ஏறிப் போகவேண்டும்? என்னைப்போல் கடல் தாண்டி வந்தவர்களுக்கு இந்தப் பயம் தெரியும். பல நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஜூடித்திடம் சொன்னபோது அவள் கண் விரிந்தது. "என்ன செய்தார்? கொலையா?" என்று ஆசையோடு கேட்டாள். பழைய வரைபடங்களை வைத்து முன்னோர்கள் இருந்த இடங்களைத் தேடுவது அவளுக்குப் பொழுதுபோக்கு. மடிக்கணினியோடு வந்து உட்கார்ந்து, ஏதோ ஒரு நூலகத்தின் தளத்திலிருந்து திருவிதாங்கூர் காலத்துச் சர்வே படம் ஒன்றை எடுத்துவிட்டாள். "முதலில் தண்ணீரைத் தேடு. சாலைகள் இடம் மாறும்" என்றாள். குளங்களுக்கு நடுவே பிறந்த எனக்கு இதை இவள் சொல்லித்தரவேண்டியிருக்கிறது, பாருங்கள்! எங்கள் குளம் அதே கோணல் வயிற்றோடு அங்கே கிடந்தது. பக்கத்தில் கோயிலுக்கான சிலுவைக்குறி. அந்த இரண்டையும் பிடித்துக்கொண்டு, இன்றைய படத்தை அதன்மேல் பொருத்தினோம்.

நடுவில் சாலையே இல்லை. அந்தக் காலத்துப் பாதை குளத்தின் மறுகரை வழியாகச் சுற்றிப் போயிருக்கிறது. கல்லறைத் தோட்டத்தின் எல்லைக்கோடு குளத்துக்கரை வரைக்கும் நீண்டிருந்தது. பிற்பாடு தோட்டத்தின் நடுவே சாலை போட்டிருக்கிறார்கள், அதை ஒட்டி மதில் கட்டியிருக்கிறார்கள். பூட்டனை யாரும் வெளியே வைக்கவில்லை. மதிலைப் பார்த்து ஊர்தான் கதை கட்டியிருக்கிறது. "அப்படியானால் அவர் ஒன்றுமே செய்யவில்லையா?" என்று கேட்ட ஜூடித்தின் முகம் தொங்கிப்போயிற்று. நான் சந்தோஷத்தில் அழுதேன். அவள் அதை ஏமாற்றம் என்று எண்ணி என் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியிருந்த அப்பாவிடம் போனில் சொன்னேன். அவர் லேசில் நம்புகிறவர் இல்லை. "படம் கெடக்கட்டும். அது நம்ம தோட்டம்னா, பாட்டன் மட்டும் ஒத்தைக்கா கெடப்பாரு? மத்தவங்க எங்க?" என்றார். நியாயமான கேள்வி. மறுநாள் ஆள் விட்டுப் புதரை வெட்டச் சொன்னவர், வீடியோவில் கூப்பிட்டார். கொடிகளுக்கு அடியில் வரிசையாக மேடுகள். ஒன்றின்மேல் மயிலாடிச் சிற்பிகள் செதுக்கிய கல்லறைக் கல் ஒன்று குப்புறக் கிடந்தது. புரட்டினால், எங்கள் ஊருக்கு முதன்முதலாக வேதம் சொல்ல வந்த உபதேசியாரின் பெயர்!

"பாத்தியா மக்கா! உபதேசியாரையும் சபை தள்ளி வச்சுன்னு இனி சொல்லுவானுவளா?" என்று கேட்டு, இருமல் வரும்வரைக்கும் சிரித்தார். அம்மா போனபிறகு அவர் சிரித்து நான் கேட்டதே இல்லை. அப்பாடா என்று இருந்தது.

இந்த ஈஸ்டருக்குப் போதகர் ஐயர் சபையாரைக் கூட்டிக்கொண்டு சாலையைக் கடந்துபோய் அந்தப் பக்கமும் ஜெபம் செய்தார். முடிந்ததும் அப்பா வீடியோவில் கூப்பிட்டார். அங்கே அப்போதுதான் விடிகிறது. இங்கே வெயில் ஏறிவிட்டது.

"இனி என்னை உங்கம்மா பக்கத்துலயே வச்சிரு. எங்க வச்சாலும் உள்ளதான?" என்றவர், நடுச்சாலையில் நின்றுகொண்டு போனை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார். "பாரு, ரெண்டு பக்கமும் நம்ம ஆளுவதான்."

அவருக்குப் பின்னால் பஸ் ஒன்று ஹாரன் அடித்தபடி வந்துகொண்டிருந்தது. "அப்பா, பஸ் வருது! ஓரமா நில்லுங்க!" என்று கத்தினேன்.

"வரட்டும். நம்ம எடத்துக்குள்ளதான வாறான், மெதுவா வரட்டும்" என்றார். நானோ நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, அவர் சட்டையைப் பிடித்து இழுக்கக் கையை நீட்டியிருந்தேன்.