அம்மா விழுந்ததன் உண்மைக் காரணம்

சாவு வீட்டுக்குப் போய் நல்ல பெயர் வாங்கிக்கொண்டு வந்தவள் எங்கள் குடும்பத்தில் அம்மா ஒருத்திதான். அந்த நல்ல பெயருக்கு முழுக் காரணம் நான். ஆனால் அதை வெளியே சொல்லிப் பெருமைப்பட முடியாத நிலைமை. எனக்கு அப்போது எட்டு வயது, மூன்றாம் வகுப்பு.

இறந்தவர் என் தாத்தாவின் அண்ணன். பாபநாசத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அதே தெருவில் நான்கு வீடு தள்ளி அவர் வீடு. பேரன் பேத்தி எல்லாம் பார்த்துவிட்டுப் போன கல்யாணச் சாவு என்பதால் கொட்டு, வெடி என்று அமர்க்களமாக இருந்தது. பந்தல் முகப்பில் பெரிய கண்ணீர் அஞ்சலி பேனர். அவசரத்தில் யாரோ ஒரு கல்யாண ஆல்பத்திலிருந்து போட்டோவைக் கிழித்துக் கொடுத்திருக்கிறார்கள். அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே வழுக்கை, ஒரே மீசை. பேனரில் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தவர் இறந்தவர் இல்லை, என் தாத்தா. அழுகிற அவசரத்தில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. தாத்தாவோ அந்தப் பேனருக்கு நேர் கீழே, பேப்பர் கப்பைக் கையில் பிடித்தபடி டீக்கடைக்காரரோடு மல்லுக்கு நின்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. பெண்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுத கூட்டத்துக்குள் புகுந்து, அம்மா காதில் சொன்னேன்.

“அம்மா, அங்க பாரேன். கண்ணீர் அஞ்சலில இருக்குறவரு டீயில சக்கரை பத்தலைங்குறாரு.”

அம்மா பார்த்தாள். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. பக்கத்திலிருந்தவர்கள் அழுகை என்றே நினைத்தார்கள். அடுத்த நொடி முழங்கால் இரண்டும் மடங்கி, கொடியிலிருந்து நழுவும் ஈரத்துணி மாதிரி அப்படியே சரிந்துவிட்டாள்.

“ஐயோ, மருமவ மயக்கம் போட்டுட்டா!” என்று ஒரே களேபரம். தண்ணீர் தெளித்தார்கள், விசிறினார்கள். அப்பாவின் அக்கா, அதாவது எங்கள் வீட்டிலேயே இருக்கும் என் அத்தை, அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, “பெத்த பொண்ணுக்குக்கூட இந்தப் பாசம் வராதும்மா” என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அம்மாவைப் பற்றி அத்தை வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை அதுதான். ஒரு நிமிஷத்தில் அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் என்னைக் கொல்லைக்கு இழுத்துக்கொண்டு போனாள். “நான் மயங்கவே இல்லடி. அவங்க பேசுனது பூரா காதுல விழுந்துச்சு. கை கால்தான் வரல. ஆனா நீ சொன்னதுக்குத்தான் சிரிச்சேன்னு யார்கிட்டயாவது மூச்சு விட்டே, தொலைச்சுப்புடுவேன்.”

அதற்குப் பிறகு அம்மா அடிக்கடி விழுந்தாள். நான் வாத்தியார் மாதிரி நடந்து காட்டினால் விழுவாள். சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பாவோடு தாத்தா போனில் பேசுவதை, அதாவது போனே தேவையில்லாமல் சிங்கப்பூருக்குக் கேட்கும்படி கத்துவதை, செய்து காட்டினால் கட்டாயம் விழுவாள். விழுந்து விழுந்து சிரிப்பது என்று எல்லோரும் சும்மா பேச்சுக்குச் சொல்வார்கள். என் பேச்சுக்கு ஓர் ஆள் நிஜமாகவே விழுகிறார் என்றால் கர்வம் வராதா? எனக்குத் தலைகால் புரியவில்லை.

வீட்டுப் பெரியவர்களுக்கோ இது சிரிப்பாக இல்லை. பாபநாசம் டாக்டர் சத்துக் குறைவு என்று குளுக்கோஸ் ஏற்றினார். கும்பகோணத்தில் தலையை ஸ்கேன் எடுத்து எல்லாம் நார்மல் என்றார்கள். “அவ்ளோ பெரிய மிஷினுக்குள்ள படுக்க வச்சும் ஒண்ணும் கண்டுபுடிக்கலையா?” என்று அத்தைக்கு ஏமாற்றம். திருப்பனந்தாள் பக்கம் விபூதி கொடுக்கும் ஒருவர், இறந்த பெரியவர் அம்மாவின் பாசத்தில் உருகிப்போய் கூடவே சுற்றுகிறார் என்றார். “உசிரோட இருந்தப்ப ஒரு நாள் நம்ம வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்காதவன், இப்ப சுத்துறானா?” என்று தாத்தாவுக்குக் கோபம்.

எங்கே போனாலும் வியாதியின் கதையைச் சொல்வது அத்தைதான். “எங்க பெரியப்பா செத்த அன்னிக்கி ஆரம்பிச்சதுங்க…” என்று தொடங்குவாள். ஒவ்வொரு டாக்டரிடமும் கதை வளர்ந்தது. மூன்றாவது டாக்டரிடம் போனபோது அம்மா துக்கத்தில் மூன்று நாள் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் கிடந்திருந்தாள். டாக்டர்களும் மனதைத் தேற்றிக்கொள்ளச் சொல்லி அனுப்பினார்கள். அம்மா தலையைக் குனிந்துகொண்டு பேசாமல் இருப்பாள்.

போதாக்குறைக்கு அம்மா பகலில் கண்ட இடத்தில் தூங்கினாள். காய் நறுக்கும்போதே கண் செருகும். “தூங்குமூஞ்சி” என்று அத்தை பழையபடி ஆரம்பித்துவிட்டாள். பாசத்துக்குக் கிடைத்த நல்ல பெயர் கரைந்துகொண்டே வந்தது.

ஒரு நாள் அம்மா சோறு வடித்துக்கொண்டிருந்தபோது நான் ஏதோ சொல்லப்போக, கஞ்சிப் பானையோடு சரிந்தாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வெந்துவிட்டது. அன்றைக்கு என் கர்வமெல்லாம் போய்விட்டது. பயந்து செத்தேன். “இனி இவள அடுப்படியில விட்டா கொலையில போய் முடியும். குணமாவுற வரைக்கும் அவ அம்மா வீட்ல கொண்டு விட்டுடு” என்று அத்தை அப்பாவிடம் சொன்னாள். அப்பா குறுவை அறுப்பைக்கூடத் தள்ளிப்போட்டுவிட்டு, அம்மாவையும் அத்தையையும் என்னையும் தஞ்சாவூருக்குக் கூட்டிப்போனார். அங்கேயும் வியாதி என்னவென்று தெரியாவிட்டால் அம்மா தன் ஊருக்குப் போய்விடுவாள் என்பது எனக்கும் தெரிந்திருந்தது.

நரம்பு டாக்டர் ஒரு சின்ன வயசுப் பெண். அத்தை வழக்கம்போல் பெரியப்பாவிலிருந்து தொடங்கினாள். டாக்டர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, அம்மாவைப் பார்த்தார்.

“நீங்க சொல்லுங்கம்மா. விழுந்து கிடக்கும்போது பக்கத்துல பேசுறது கேக்குமா?”

“எல்லாம் கேக்குங்க.”

“கேக்குமா?” என்று அத்தை துள்ளிவிட்டாள். நோயாளியை நம் தலையில் கட்டிவிட்டார்கள் என்பது முதல் என்னென்னவோ, விழுந்து கிடந்த அம்மாவின் தலைமாட்டில் நின்று பேசியவளாயிற்றே. முகம் செத்துவிட்டது.

“விழறதுக்குக் கொஞ்சம் முன்னாடி என்ன நடக்கும்?”

அம்மா வாயைத் திறக்கவில்லை. வெந்த கையில் போட்டிருந்த கட்டைப் பார்த்தேன். தொலைத்தால் தொலைக்கட்டும் என்று எழுந்து நின்றேன்.

“சிரிப்பாங்க டாக்டர். சிரிச்சாதான் விழுவாங்க. சாவு வீட்லயும் சிரிச்சுத்தான் விழுந்தாங்க.”

“எதுக்குச் சிரிச்சாங்க?” என்று டாக்டர் கேட்டார். சொன்னேன். பேனர், தாத்தா, டீ, சர்க்கரை ஒன்றும் விடவில்லை. தாத்தாவின் குரலிலேயே செய்தும் காட்டினேன்.

டாக்டர் கீழே விழாத பேனாவைத் தேடி மேஜைக்கு அடியில் குனிந்தார். அப்பாவின் மீசை துடித்தது. என்னை அறையப்போகிறாள் என்று நான் எதிர்பார்த்த அத்தை, “அடிப்பாவி, அன்னிக்கே நானும் பார்த்தேன்டி!” என்று வெடித்துச் சிரித்தாள். அவ்வளவுதான். அம்மாவின் தலை தொங்கியது, நாற்காலியிலிருந்து வழிந்தாள், அப்பா தாங்கிப் பிடித்தார். டாக்டர் சின்னச் சுத்தியலோடு ஓடிவந்து முழங்காலில் தட்டினார். வந்தவுடன் தட்டிப் பார்த்தபோது துள்ளிய கால் இப்போது அசையவே இல்லை.

“பாருங்க, பாருங்க!” என்று டாக்டர் பரிசு விழுந்தவர் மாதிரி கூவினார். “இதுக்குப் பேர் இருக்கும்மா.”

இது தூக்கம் சம்பந்தப்பட்ட நரம்புக் கோளாறு. தூக்கத்தில் உடம்பைக் கட்டிப்போடும் கட்டு, இவர்களுக்கு விழித்திருக்கும்போதே, சிரிப்பு வந்தால் உடம்பைக் கட்டிப்போட்டுவிடுகிறது. பகல் தூக்கமும் இதனால்தான், சோம்பல் இல்லை. ஒரு பரிசோதனை செய்து உறுதிப்படுத்திக்கொண்டு மாத்திரை கொடுத்தால் கட்டுக்குள் வந்துவிடும் என்றெல்லாம் விளக்கினார். அப்பா அந்த இங்கிலீஷ் பெயரை எழுதி வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அத்தை அம்மாவின் கலைந்த தலையைச் சரிசெய்தாள்.

அம்மா எழுந்து உட்கார்ந்ததும் டாக்டர் கேட்டார். “சிரிச்சாதான் விழறீங்கன்னு உங்களுக்கே தெரியலையா?”

“மூணாவது தடவையே தெரிஞ்சுபோச்சுங்க.”

“அப்புறம் ஏன்மா இத்தனை பேர்கிட்டயும் சொல்லல? சாவு வீட்ல சிரிச்சோமேன்னா?”

“அதுக்கில்லீங்க.” அம்மா என்னைக் காட்டினாள். “சொன்னா இவ வாயை அடைச்சிருப்பாங்க.”

அப்பா சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. உண்மையைச் சொல்லி வியாதியைக் கண்டுபிடித்துக் கொடுத்தவள் நான். என்னைப் போய் வாயாடி என்று முன்பின் தெரியாத டாக்டரிடம் கோள் சொல்கிறாளே! பஸ்ஸில் அம்மா பக்கத்தில் உட்காராமல் அத்தையோடு போய் உட்கார்ந்தேன். அய்யம்பேட்டை தாண்டும் வரை அம்மா முன் சீட்டிலிருந்து திரும்பித் திரும்பி, “ஏதாச்சும் பேசேன்டி” என்று கெஞ்சிக்கொண்டே வந்தாள். நான் வாயைத் திறக்கவே இல்லை.