பட்டன் அக்கா அழுத்திய ஆறு நாள்

எங்கள் தையல் கம்பெனியில் சட்டைக்குப் பட்டன் வைக்கிறவளுக்குப் பட்டன் அக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது. நான் பக்கத்து மெஷினில் காலர் தைக்கிறவள். பதினொரு வருஷமாக அவள் புலம்பலைக் கேட்டு வருகிறேன். எதற்கெடுத்தாலும் பயம் அவளுக்கு. சூப்பர்வைசர் தும்மினால் கூடத் தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று எழுந்து நிற்பாள்.

எங்கள் வரிசையில் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்திக்கு உடம்பு முடியவில்லை என்றால் பக்கத்தில் இருப்பவள் அவள் துண்டுகளையும் சேர்த்துத் தைத்துவிடுவாள். அன்றன்று தைத்த கணக்கை எழுதும் சுவர்ப் பலகையில் யார் கட்டமும் காலியாக இருக்கக் கூடாது.

அக்காவின் மகள் ஐந்தாம் வகுப்பு. கணக்கில் புலி. பள்ளிக்கூடத்தில் ஒரு டேப்லெட் கொடுத்திருந்தார்கள். சாயங்காலம் சரியோ தப்போ இருபது கணக்கு முடித்தால் அன்றைய கட்டம் பச்சையாகும். போன மாதம் பிள்ளை காய்ச்சலில் ஆறு நாள் படுத்துவிட்டாள். அக்கா சும்மா இருப்பாளா? அடுப்படியில் நின்றபடி கண்ணை மூடிக்கொண்டு ஏதேதோ பதிலை அழுத்தினாள். ஆறு கட்டமும் பச்சை.

"ஒரு நாள்கூட விட்டுப்போகல, பாத்தியா?" என்று என்னிடம் பெருமை வேறு. "நல்ல வேலை செஞ்சேக்கா" என்றேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அந்த டேப்லெட், போட்ட பதிலைப் பார்த்துத்தான் அடுத்த பாடம் கொடுக்குமாம். காய்ச்சல் விட்டு எழுந்தவளிடம் பந்து படம் காட்டி, மூன்றும் நாலும் எத்தனை என்று கேட்டது. சரியாகப் போட்டாலும் மாதம் முடிகிற வரை மேல் படிக்கு ஏற்றாதாம். பிள்ளை ஒன்றும் கேட்கவில்லை, தினமும் பந்து எண்ணினாள்.

பிறகுதான் அக்காவின் போனுக்குச் செய்தி வந்தது. மகளை மெதுவாகப் படிக்கிறவர்கள் பிரிவுக்கு மாற்றுகிறார்களாம், வெள்ளிக்கிழமை வர வேண்டுமாம். சாப்பாட்டு நேரத்தில் காட்டினாள்.

"பிள்ளையத் தவிர யாரும் டேப்லெட்டத் தொடக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கியிருக்காங்கடி. சொன்னா ஸ்கூல விட்டே அனுப்பிருவாங்களோ?"

"சொல்லலேன்னா அவள அங்க தள்ளிருவாங்க. போய்ச் சொல்லுக்கா."

"நீயும் கூட வா."

போனேன். டீச்சர் முன்னால் அக்கா திக்கித் திணறி ஒருவழியாகச் சொல்லி முடித்தாள்.

டீச்சர் தலையில் கைவைத்துக்கொண்டார். "முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா. சரி, பேப்பர்ல பத்து கணக்கு தர்றேன். போட்டுட்டான்னா பழைய வகுப்புதான்."

அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மகளை வரவழைத்தார்கள். அவள் தாளைப் பார்த்தாள், பென்சிலை எடுத்தாள், அப்படியே கீழே வைத்துவிட்டாள்.

"எழுதுடி. உனக்குத் தெரிஞ்சதுதானே?"

"தெரியாதும்மா."

"காய்ச்சலுக்கு முன்னாடி போட்டியே!"

"அப்ப ஏதோ குருட்டாம்போக்குல சரியா வந்திருக்கும். எனக்கு இதெல்லாம் வராதும்மா. டேப்லெட்டே அப்படித்தான் காட்டிருச்சு."

"அய்யோ, அது நான்டி! நான்தான் தப்புத் தப்பா அழுத்தினேன்!"

பிள்ளை அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். கோபமே இல்லை அந்த முகத்தில்.

"எனக்காகப் பொய் சொல்லாதம்மா" என்றாள்.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கும் பயமாகத்தான் இருந்தது.